திறக்க மறுத்த தமயந்தி

போன வியாழக்கிழமை காலை, பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள என் மளிகைக் கடையில் மிளகாய் மூட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மனைவி போன் செய்தார். “தமா போயிட்டா.” கடையை அடைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.

தமா என்கிற டாக்டர் தமயந்தி என் மனைவியின் தங்கை, இயற்பியல் விரிவுரையாளர். ஐரோப்பாவில் புரோட்டான்களை மோதவிடும் பரிசோதனையின் தரவுகளைப் பினாங்கில் இருந்தபடி ஆராய்ந்தவர். முதலில் கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன்.

“உடைச்சு யாருக்கு விக்கப் போற?”

“உடைக்கிறது மெஷின் வேல, அத்தான். அதுலேருந்து எது எத்தன தடவ வந்துச்சுன்னு எண்ணுறதுதான் என் வேல.”

ஒரு துகள் அரிதான ஒரு வழியில் எத்தனை முறை சிதையும் என்று கோட்பாடு சொல்கிறது. எண்ணிக்கை அதற்கு ஒத்து வராவிட்டால் கோட்பாட்டில் ஓட்டை. ஆறு வருடம் அந்த ஓட்டையைத்தான் தேடினார். ஆனால் விடை இருக்கும் பகுதியை அவருடைய ஆய்வுக் குழுவினர் கணினியில் மறைத்தே வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ‘பெட்டி’.

“நீங்க மூட்டைய பிரிச்சுப் பார்த்துட்டுத் தரம் சொல்றீங்க. நாங்க எப்படித் தரம் பார்ப்போம்னு எழுதி வெச்சிட்டுத்தான் பிரிக்கணும். முன்னாடியே பார்த்தா, வேணுங்கிறத பொறுக்கிடுவோம்.”

நோய் முற்றி, மருத்துவமனையில் தமயந்தியின் நாட்கள் எண்ணப்பட்டபோது, குழுத் தலைவர் போனில் அழைத்தார். தமயந்திக்காக இன்றே பெட்டியைத் திறக்கிறோம் என்றார். தமயந்தி வேண்டாம் என்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு தடவ பாரேன் லா! யாருக்குத் தெரியப் போகுது?”

“எண்ணுனது சரியான்னு பார்க்கிற சோதனை ஒண்ணு இன்னும் முடியல. விடையப் பார்த்து நான் சிரிச்சா, என்கிட்ட படிக்கிற பிள்ளைங்க தப்பே தேட மாட்டாங்க. அழுதா, எனக்குப் பிடிச்ச விடை வர்ற வரைக்கும் தேடிக்கிட்டே இருப்பாங்க. ரெண்டுமே கெடுதல், அத்தான்.”

“பார்க்காமலே போயிடுவியா?”

“ஆசை இல்லாமலா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று அவருடைய மாணவி வீட்டுக்கு வந்தார். அந்தக் கடைசிச் சோதனையில் ஒரு பிழை அகப்பட்டதாம், சில மோதல்களை இருமுறை எண்ணியிருக்கிறார்கள். அன்று திறந்திருந்தால் தவறான விடையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். சரிசெய்ய இன்னும் பல வாரங்கள் ஆகுமாம். கணினியில் வரைபடத்தைக் காட்டினார். இடப்பக்கம் புள்ளிகள், வலப்பக்கம் புள்ளிகள், நடுவில், இன்னும் திறக்காத பெட்டி இருக்கும் இடத்தில், வெறும் வெள்ளை.

நீ சொன்னது சரிதான், தமயந்தி. இருந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தவறான விடையாக இருந்தாலும், நீ அதைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.