பெரட்டுக் களத்தில் ஒரு விருதுரை

“ஒக்டோபர் 2003. பெரகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேராசிரியரின் விருதுரை. மழை இல்லை.” என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

மண்சரிவு ஆய்வுக்காகப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை விருது பெற்றவர் அவர். ஒல்லியான யாழ்ப்பாணத்துக்காரர். நின்ற இடத்திலெல்லாம் குடை நுனியால் மண்ணைக் குத்திப் பார்ப்பார். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருந்தது. மழைக்கு முன் குடும்பங்களை மாற்றும்படி அவர் பலமுறை சொல்லியும் தோட்டத்தை நிர்வகித்த துரை அசையவில்லை.

விருது பெற்றவர் ஆற்றும் விருதுரை ஆய்வு நடந்த இடத்திலேயே நடக்க வேண்டும், அவ்விடத்துப் பொறுப்பாளரே தலைமை தாங்க வேண்டும் என்பது விருதின் விதி என்று துரைக்கு எழுதினார். காலையில் ஆட்கள் திரளும் பெரட்டுக் களத்தில் துரை டை கட்டி வந்து அமர்ந்தார்.

“பரிசு ஒங்களுக்கு, கால் கடுக்க நிக்கிறது நாங்களா சார்?” என்றாள் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி.

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா. துரையும் எழும்பி நிக்கப் போறார்.”

உரை முழுவதும் அந்த வெடிப்பைப் பற்றித்தான். முடிந்ததும், “இனித் தலைவர் தன்ர முடிவைச் சொல்லுவார்” என்று ஒலிவாங்கியை நீட்டினார். அத்தனை முகங்களுக்கு முன்னால் துரை எழுந்து, எல்லோரையும் தோட்டப் பாடசாலைக்கு மாற்றுவதாகச் சொன்னார். மாற்றினார்கள். அடுத்த மாத மழையில் லயத்தின் ஒரு பாதி மண்ணுக்குள் போனது. உள்ளே யாரும் இல்லை.

உரை முடிந்து பண்டாரவளை பஸ்ஸில் பேராசிரியருடன் திரும்பும்போது அந்த விதியைப் பற்றி அவரிடம் கேட்டிருந்தேன்.

“நல்ல விதி, என்ன?” என்றார்.

அப்படியொரு விதி உண்மையில் இருந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.