கட்டுச்சோற்றுக்குப் போன கார்

என் மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. அந்த வருஷங்களில் டவுனில் புதுசு புதுசாகச் சின்னக் கார்கள் விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன. வசதி உள்ளவர்கள் அவற்றை வாங்கிக்கொண்டு, வைத்திருந்த பழைய கனத்த வண்டிகளைத் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளியவை பூதலூரைச் சுற்றியிருந்த எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வீடு என்றால் ஒரு வெள்ளைக் கார் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் வாசல் போதாது. அதனால் அது மாட்டுக் கொட்டகையில் நின்றது.

மகன் அனுப்பிய பணத்தில், கும்பகோணத்தில் ஒரு வெற்றிலை வியாபாரியிடம் என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். புதுப் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். டிக்கியைத் திறந்தால் வெற்றிலை வாடை வந்தது. வெற்றிலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரமெல்லாம் இத்தனை காலம் எங்கே இறங்கியிருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வாடை நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்.

மகன் லீவில் வரும்போது திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து சொந்தக் காரில் வர வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் அவன் வருவது எப்போதோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் அந்தக் கார் எங்கள் வீட்டில் மாட்டு வண்டியின் வேலையைத்தான் செய்தது. ஆனி மாதம் விதை நெல்லை மூட்டையோடு வாய்க்காலில் ஊறப்போட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட டிக்கியில் ஏற்றி நாற்றங்காலுக்குக் கொண்டுபோவார். யூரியாவும் பொட்டாஷும் அதில்தான் வரும். எங்கள் பக்கம் உரத்தை உப்பு என்றுதான் சொல்வோம். மூட்டை கிழிந்து கொட்டினால் கையால் வழித்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார். போதாததற்கு மாட்டைக் குளிப்பாட்டுவது மாதிரி காரையும் வாய்க்கால் இறக்கத்தில் சக்கரம் முழுகும் வரை இறக்கி, வைக்கோல் வைத்துத் தேய்ப்பார். அது சுத்தம் என்று நினைத்தார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

"கார்ல போயி ஈர மூட்டைய ஏத்துறீங்களே" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"காள மாடு சேத்துல எறங்க மாட்டேன்னு சொல்லுதா? இதுவும் நம்ம வீட்டு மாடுதான்" என்றார்.

நான் வெளியில் போனால் நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லாதவள். காரில் ஏறினாலும் பின்சீட்டின் இடது மூலையில் உட்கார்ந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் ஒரு மழைநாளில் என் சேலைக் கரை நனைந்திருப்பதைப் பார்த்தேன். ரப்பர் விரிப்பை நகர்த்தினால் கீழே ரோடு ஓடுகிறது. சின்னச் சரளைக்கல்கூடத் தெரிந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப்போனார். கடலை எண்ணெய் டின்னை வெட்டி அந்தத் தகரத்தை ஓட்டைக்கு மேல் வைத்துப் பற்றவைத்தார்கள். நான் இறங்கி ஓரமாக நின்றிருந்தேன்.

"ஐயா, மேல அடச்சாச்சு. அடியில ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்க எடமெல்லாம் அரிச்சிருக்கு. ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, கழட்டிப் பாத்துடுவோம்" என்றார் பட்டறைக்காரர்.

பின்பக்கத்துப் பாரத்தைத் தாங்குவது அந்தப் பட்டைகள்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைந்திருக்கும். பட்டை இரும்பு நல்ல கனம். ஆனால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் வண்டியின் உடம்புதானே.

"கட்டுச்சோறு முடியட்டும், கொண்டாந்து விடறேன்" என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் தார் வாங்கிவந்தார். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, துரு தெரிந்த இடமெல்லாம் பூசினார். பார்க்கக் கறுப்பாகப் புதுசு மாதிரி இருந்தது.

கட்டுச்சோறு என்றது என் மகளுக்கு. அவளைச் சுவாமிமலைப் பக்கத்தில் கொடுத்திருந்தோம். முதல் பிரசவம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். தாய் வீட்டார் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் என்று கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். கூடப் பிறந்தவன் முன்னால் நின்று அழைத்து வருவதுதான் முறை. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

"மாமன் வரலைன்னா என்ன, மாமன் வாங்குன காரு வருதுல்ல" என்று என் வீட்டுக்காரர் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாடகைக் கார் பேசலாமே என்று என் நாத்தனார் சொன்னதற்கு, "நீ வேணா வாடகக் கார்ல வா" என்று முடித்துவிட்டார்.

மாசி மாதம். அறுவடை முடிந்திருந்தது. டிக்கியில் அண்டாக்களை ஏற்றி, பின்சீட்டில் நானும் நாத்தனாரும் மடியிலும் காலடியிலும் தூக்குகளை வைத்துக்கொண்டு, திருவையாறு வழியாகக் காவிரிக் கரையோடு போனோம். திருவையாறு தாண்டி ஒரு மதகில் ஏறி இறங்கும்போது நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே கடக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு என் பக்கம் தாழ்ந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் எதுவோ எதையோ உரசியது. ரப்பர் தீய்ந்த வாடை வந்தது.

"என்ன அண்ணி, புளியோதரை தீஞ்சுபோன வாடை அடிக்குது" என்றாள் நாத்தனார்.

"சாதம் இல்ல. சக்கரம்" என்றேன்.

முன்னால் என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. அவர் திரும்பவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார்.

சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கியதும் நான் பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். கால் நொண்டுகிற மாடு ஒரு பக்கம் சாய்ந்து நிற்குமே, அப்படி நின்றது. சக்கரத்தின் மேல்விளிம்பு தகரத்துக்குள் புகுந்திருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து கை விட்டேன். தார்ப் பூச்சு பட்டையாகக் கையோடு வந்தது. அதன் உள்பக்கம் செங்கல் நிறத்தில் அடை அடையாகத் துரு.

பெண்ணுக்கு வளையல் போட்டார்கள். மகள் கை நிறைய வளையலோடு, தலை நிறையப் பூவோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தனம் பூசும்போது என் கையில் துரு ஒட்டியிருப்பதைப் பார்த்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பந்தி நடக்கும்போது என் வீட்டுக்காரரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன்.

"ஏங்க, வண்டி ஒரு பக்கம் எறங்கிப்போச்சு. அதுல புள்ளய ஏத்த வேணாங்க."

"தெரியும். மெதுவா ஓட்டிக்கிறேன்."

"உடஞ்சுதுன்னா?"

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல உடையும் கிடையும்னு பேசாத. அவங்க காதுல விழுந்தா என்ன ஆகும்? மக கார் அனுப்புனான்னு பீத்திக்கிட்டு ஓட்ட வண்டியக் கொண்டாந்தான்னு சொல்ல மாட்டாங்க?"

மகன் என்று சொல்ல வேண்டியதை மகள் என்று சொன்னதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவருக்கும் பயந்தான்.

ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். வெறும் பாத்திரத்தோடு அனுப்பக் கூடாது என்று அண்டாக்களில் அரிசியும் தேங்காயும் நிரப்பினார்கள். வாழைத்தார் வேறு. எல்லாம் டிக்கியில் ஏறின. ஏற ஏற வண்டி இன்னும் தாழ்ந்தது. மகளைப் பிள்ளையாருக்கு விளக்கேற்றச் சொல்லி, கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தார்கள்.

கிளம்புகிறவர்களைத் தடுக்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அந்த வீட்டு ஆண்கள் முன்னால் அதுவரை நான் வாய்விட்டுப் பேசியதும் இல்லை. கார்க் கதவுக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"இவளுக்குக் கார் ஒத்துக்காது. பெட்ரோல் வாடைக்கு வாந்தி எடுப்பா. நாங்க பஸ்ல போயிடறோம்" என்றேன்.

சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "பஸ்ஸுல என்ன, சந்தன வாடையா வருது?"

நாலு பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மா கெட்டவர்கள் இல்லை. "அப்படியே இருந்தாலும் முன்சீட்டுல உக்காரட்டும். கண்ணாடிய எறக்கி விட்டாக் காத்து வரும். நேரம் ஆகுது, ஏறும்மா" என்று மகளின் தோளைத் தொட்டார்கள். அவள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

"ஏற வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "வண்டி அடியில துருப்பிடிச்சு இத்துப்போச்சுங்க. வரும்போதே பின்பக்கம் ஒடஞ்சு எறங்கிடுச்சு. இதுல என் பொண்ண ஏத்த மாட்டேன்."

என் வீட்டுக்காரர் கையில் சாவியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"கெளம்புற நேரத்துல இது என்ன பேச்சு" என்று சம்பந்தியம்மா முணுமுணுத்தார்கள்.

சம்பந்தி வீட்டு ஐயாதான் இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். கையால் வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை அமுக்கினார். அது கீழே போனது, மேலே வரவில்லை.

"பொம்பளைங்க பஸ்ல போகட்டும்" என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "நீங்களும் விட்டுட்டுப் போங்க, சம்பந்தி. நாளைக்கு ஆள வச்சு எடுத்துக்கலாம்" என்றார்.

"இல்லங்க, உருட்டிக்கிட்டே போயிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு மேல் அவரிடம் யாரும் வற்புறுத்தவில்லை. என்னாலும் அவரைத் தடுக்க முடியவில்லை. எனக்கு இருந்த பேச்சு அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் மகளின் வளையலைப் பார்த்துவிட்டு, "யாராவது எந்திரிங்கப்பா, வளையல் சத்தமே சொல்லுதுல்ல" என்று ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். முன்சீட்டில் இருந்த அம்மா திரும்பி, எத்தனை மாசம், எந்த ஊர், தலைப்பிரசவமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். "காரு இல்லியா?" என்றும் கேட்டார்கள்.

"இருக்கு. பின்னாடி மெதுவா வருது" என்றாள் நாத்தனார்.

திருவையாற்றில் ஒரு பஸ், திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பஸ் என்று மாறி, வெயில் சாய்வதற்குள் வீடு வந்து ஆரத்தி எடுத்தோம். மகளுக்குக் கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் அதைத்தான் செய்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் கயிறு கட்டிய கார். அதன் பின்பாகம் தரையோடு தரையாக இருந்தது. என் வீட்டுக்காரர் டிராக்டரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் மண். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

காவிரிக் கரையில் ஒரு வளைவில் இடது பக்கப் பட்டை பிய்த்துக்கொண்டு டிக்கித் தரையைக் குத்தி மேலே வந்துவிட்டதாம். பின்சக்கரம் கோணிக்கொண்டு வண்டி கரைப்பக்கம் இழுத்துப்போய், ஒரு புளியமரத்து வேரில் நின்றிருக்கிறது. நடக்கிற வேகத்தில் வந்ததால் நின்றது. டிக்கி திறந்துகொண்டு அண்டா ஒன்று உருண்டு ஆற்று மணலில் இறங்கிவிட்டது. தேங்காய் பொறுக்க அக்கம்பக்கத்து ஆட்கள் உதவினார்களாம். டிக்கிக்குள் எட்டிப் பார்த்தேன். பட்டையின் முனை பின்சீட்டின் முதுகைக் கிழித்துக்கொண்டு நின்றது. நான் உட்காருகிற மூலை. திரும்பி வரும்போது மகளைத்தான் அங்கே உட்கார வைத்திருப்போம், நான் நடுவில் இருந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து மகளைப் பார்த்தார். "சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேன்ப்பா."

அவ்வளவுதான். என்னிடம் அன்றைக்கு அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மகனுக்கு போன் பூத்திலிருந்து என்ன சொன்னார் என்றும் எனக்குத் தெரியாது. சில நாள் கழித்துப் பழைய இரும்புக்காரர் வந்து காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கொட்டகையைக் கழுவிவிட்டு மறுபடி மாட்டைக் கட்டினேன்.

மகளுக்குப் பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. பூதலூர் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வாடகைக் காரை என் வீட்டுக்காரர் கூட்டிவந்தார். நான் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், டிரைவர் வண்டிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரரைக் காணோம். கார் அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சலவை வேட்டி புழுதியில் கிடந்தது.

"பெரியவரே, வெளில வாங்க. என் வண்டிய நான் பாத்துக்க மாட்டேனா? ஊரெல்லாம் ஓடுற வண்டி" என்றார் டிரைவர்.

"ஊரு ஓடட்டும் தம்பி. இப்ப ஏறப்போறது என் பொண்ணு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. டொக் டொக் என்று எதையோ தட்டுகிற சத்தமும் கேட்டது.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்றார் டிரைவர் என்னிடம்.

மகள் வலியோடு என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் நகர்ந்து வெளியே வந்து, எழுந்து, பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். அது கீழே போய் மேலே வந்தது. இன்னொரு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். பிறகு முழங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் கதவைத் திறந்து, "ம், ஏறுங்க" என்றார்.