ஸ்டீயரிங்கில் வைத்த பொட்டு

புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அதனால் ‘அவர்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். எங்கள் ஊர் காஜா பெராங்கில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. டவுனுக்கும் புக்கிட் ரம்பாய்க்கும் பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸை ஓட்டியவர். மரத்தில் பாடி கட்டிய பச்சை பஸ். சீன முதலாளி ஜப்பான்காரனுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போகும்போது அதை இவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். பொறுப்பு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். என்னைக் கட்டிக்கொண்டதற்கு அந்த பஸ்ஸையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவேன். அவர் சிரித்துக்கொண்டே டயரைத் தட்டிப் பார்ப்பார்.

நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டத்து ஆட்களோடு நிற்காமல், லாரி ஓட்டத் தெரிந்தவன் எவன் என்று டவுனிலும் பெயர் எழுதினார்கள். எங்கள் வீட்டு வரிசையிலிருந்து இரண்டு டிரைவர்கள் போனார்கள். ஒரு கடுதாசி கிடையாது. அவர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டு நல்லையா வந்து சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் விடியும் முன்பே, ஒளித்து வைத்திருந்த கடைசித் தகரம் பெட்ரோலை ஊற்றி, ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதைகளிலேயே சுற்றி, ஆயர் குரோ காட்டுக்குள் ஏரிக்கரையில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் அவரும் எங்கள் நாய் செவலையும். நல்லையா, நல்லையாவின் பெண்சாதி ருக்மணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், ஒரு பூனை. அத்தனை பேருக்கும் அந்த பஸ்தான் வீடு.

நான்கு டயரையும் கழற்றி, சாக்கில் சுற்றி ஏரிக்குள் இறக்கினார். மரக்கட்டைமேல் பஸ்ஸை உட்கார வைத்தார். கண்ணாடியெல்லாம் சேற்றைப் பூசி, காட்டுக்கொடியை இழுத்துக் கூரைமேல் படரவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பஸ் மாதிரி ஆக்கிவிட்டு, ஓரமாகப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. மனுஷன் உயிர் பெரிதா, தகரம் பெரிதா என்று கேட்டேன்.

தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. ருக்மணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடுவாள். நல்லையா அடுப்பில் தண்ணீரைக் கொட்டிச் சருகைப் போட்டு மூடுவார். பாய், பானை, துணி எல்லாவற்றையும் அவர் லாலாங் புல்லுக்குள் எறிவார். என் வேலை செவலை. அதன் வாயைத் துணியால் கட்டிப் பார்த்தோம், காலால் பிறாண்டிக் கழற்றிவிட்டது. நான் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பிடித்தால்தான் சும்மா இருக்கும். ஒரு கையை எடுத்தாலும் குரைத்துவிடும்.

ஏரி அழகாகத்தான் இருந்தது. காலையில் பனி எழும்பும், பிள்ளைகள் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார்கள், மரவள்ளிக்கிழங்கோடு சுட்டுத் தின்போம். யாருக்கு ஐயா வேண்டும் அழகு? ஒரு பிள்ளை இருமினால் ஓடிப்போய் அதன் வாயைப் பொத்துவேன். விறகு முறிந்தால் செவலையின் வாயைத் தேடிக் கை போகும். நான்கு மாதம் இப்படியே போனது.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அன்று காலையிலிருந்தே அவர் ஒரு நிலையில் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவார். இப்போது சக்கரமும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார், கிழங்கைத் தொடவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்.

“ஒரே ஒரு பொட்டு, பூங்கா. ஸ்டீயரிங்ல, உள்ளுக்குள்ளதானே. யாரு பாக்கப் போறா?”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. என்னிடம் இருந்த துண்டு சந்தனக் கட்டையை நானே கல்லில் இழைத்தேன், என் குங்குமச் சிமிழை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் ஸ்டீயரிங்கில் சந்தனத்தைத் தடவிக் குங்குமம் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன். வெகு நாளைக்கு அப்புறம் அன்றுதான் மனசு லேசாக இருந்தது.

படுக்கும் முன்பு, அதைத் துடைத்துவிடலாமா என்று கேட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு மறுபடி கும்பிடும் வரைக்கும் தொடக் கூடாது, உனக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியும்.

மறுநாள் பொழுது நன்றாக விடிவதற்குள் லாரிச் சத்தம் கேட்டது. பழகியபடியே எல்லாம் செய்தோம். புதருக்குள் செவலையை மடியில் போட்டு வாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கத்தில் படுத்திருந்தார். ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய், லாரி ஓட்டி வந்த ஒரு தமிழன். பழைய இரும்பு தேடி வந்திருக்கிறார்கள். அதிகாரி பஸ்ஸை எட்டி உதைத்தான், மரக்கட்டையைப் பார்த்தான், ஒன்றுக்கும் உதவாது என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தமிழன் மட்டும் ஏதாவது தேறுமா என்று டிரைவர் இடத்தில் ஏறிப் பார்த்தான். அவன் பெயர் அப்பாசாமி என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். அவனும் வண்டி ஓட்டிப் பிழைத்தவன்தானே! குங்குமத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய்த் தொட்டது, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. ஒற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்திருக்கும். அதிகாரி பார்த்துவிட்டான்.

திரும்பி வந்து ஸ்டீயரிங்கை விரலால் தேய்த்தான். காட்டு ஈரத்தில் சந்தனம் காயவே இல்லை. யார் வைத்தது என்று மலாயில் கேட்டான். நான்தான் இப்போது வைத்தேன், எங்களுக்கு இன்றைக்குப் பண்டிகை என்றான் அப்பாசாமி. சட்டைப் பையைக் கவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு பீடிக்கட்டு விழுந்தது, குங்குமம் விழவில்லை. கன்னத்தில் ஓர் அறை. அப்புறம் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். கீழே விழுந்தும் நான்தான் வைத்தேன் என்றே சொன்னான். எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று.

“பூங்கா, அது நான் வச்ச பொட்டு” என்று காதோரம் சொன்னார்.

எழுந்து போனார். அவர் வேட்டி என் முழங்கையில் உரசிக்கொண்டு போனது. பிடித்து இழுத்திருந்தால் நின்றிருப்பாரோ என்னவோ. என் இரண்டு கையும் நாயின் வாயில் இருந்தன. எடுத்தால் அது குரைக்கும், புதருக்குள் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் தனியாள் என்று அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். தனியாளாம்! அவரை லாரியில் ஏற்றினார்கள். செவலை என் மடியில் துள்ளியது, என் விரலைக் கடித்துக் கிழித்தது. லாரிச் சத்தம் முழுதாக அடங்கும் வரைக்கும் நான் விடவில்லை.

முன்பின் தெரியாத ஒருவன் அடிபடுவதைப் பார்க்கப் பொறுக்காத மனுஷன், என்னை மட்டும் எப்படி விட்டுவிட்டுப் போனார் என்று இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் அவர் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அப்பாசாமி, பச்சை பஸ் டிரைவர் வீடு எது என்று விசாரித்து, காஜா பெராங்கில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து, தம்பின் ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றியதைத்தான் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான். ஆள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே விட்டுவிட்டேன், கோயிலில் அர்ச்சனை செய்யப் பெயர் வேண்டும், சொல்லுங்கள் அக்கா என்றான்.

சுப்பையன் என்று சொன்னேன்.