முப்பதில் ஒன்பதாம் எண்

வூஹானில் ஜூன் மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. அந்த ஈரக் காற்றில்தான் லான்யிங் சோலார் தட்டுகளை அச்சடித்தாள். ஆய்வுக்கூடத்தின் மேல்மாடியில் டாக்டர் நியேயின் ஆட்கள், காற்றுப் புகாத பெட்டிக்குள் கையை நுழைத்து, தங்கப் பூச்சு வைத்து சோலார் செல் செய்தார்கள். லான்யிங்கிடம் பெட்டியும் இல்லை, தங்கமும் இல்லை. ஒரு மேசை, இழுத்துக் கட்டிய வலைச் சட்டம், மையைத் தள்ளும் ரப்பர் பட்டை, ஒரு சூளை. கண்ணாடிமேல் இரண்டு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கரி. சுட்டு எடுத்தபின் பெரோவ்ஸ்கைட் கரைசலைக் கரிமேல் சொட்டினால், நுண்துளைகள் வழியே அடிவரை இறங்கிப் படிகமாகும். அந்தப் படிகம்தான் வெயிலை வாங்கி மின்சாரமாக்கும்.

காலையில் எள் சாந்து நூடுல்ஸைக் காகிதக் கிண்ணத்தில் கிளறியபடி அவள் படியேறும்போது மேல்மாடி ஆட்கள் விடமாட்டார்கள்.

"என்னக்கா, இன்னிக்கு எத்தனை கரி உருண்டை?"

"உங்க வீட்டு அடுப்புக்கு வேணுமா? சொல்லு, தனியா எடுத்து வைக்கிறேன்."

இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஹான்கோ பகுதியில் ஒரு தொழிற்சாலையில் எனாமல் பேசின்களுக்குப் பூ அச்சிட்டவள் அவள். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. வாரத்தின் மிக மோசமான பேசினை, அச்சிட்டவர் பெயரை எழுதி வாசல் கதவில் மாட்டுவார்கள். சேர்ந்த இரண்டாம் வருடம் அவளுடைய பேசின் தொங்கியது. இதழ்களெல்லாம் இரட்டை விளிம்போடு ஒரு சிவப்புப் பூ. ஒரு வாரம் அதன்கீழே நடந்துபோனாள். பிறகு அதையே விலைக்கு வாங்கிக்கொண்டாள். தொழிற்சாலை மூடியபின்பும் விடவில்லை; இப்போது வலைகளை அலசுவது அதில்தான்.

ஆய்வுக்கூடத்தின் வழக்கம் நேர் எதிர். பத்து செய்து, மிக நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டுவார்கள். மற்றவை குப்பைக்குப் போகும். வந்த புதிதில் லான்யிங் குப்பைத்தொட்டியைப் பார்த்துத் திகைத்துப்போனாள். தன் தட்டுகளில் ஒன்றைக்கூட அவள் எறியவில்லை. பின்புறம் எண் எழுதி, அச்சிட்ட வரிசையிலேயே அடுக்கினாள். அடுக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: சோப்ளாங்கித் தட்டுகள் எல்லாமே ரப்பர் பட்டை ஓடி நிற்கும் கடைசி ஓரத்தில் இருந்தவை. அங்கே கரி தடித்துப்போய், கரைசல் இறங்காமல் நின்றது.

பட்டை கண்ணாடியைத் தாண்டிப் போய் நிற்கும்படி சட்டத்தை நகர்த்தினாள். சூளையில் வைக்குமுன் ஈரத் தட்டுகளைப் பத்து நிமிடம் சமதளத்தில் ஆறவிட்டாள். ஆறு வாரத்தில், நூறு பங்கு வெளிச்சத்தில் எட்டுப் பங்கை மட்டும் மின்சாரமாக்கிய மோசமான தட்டு பதினான்குக்கு ஏறியது. சிறந்த தட்டு பதினைந்தரையிலிருந்து பதினாறுக்கு வந்தது, அதற்குமேல் அசையவில்லை.

"உச்சம் ஏறவே இல்லையேம்மா," என்றார் அவளுடைய பேராசிரியர் ஃபாங்.

"அடி ஏறியிருக்கே சார்."

"அடியை யார் கேக்கறாங்க? வியாழக்கிழமை தேர்வுக் குழு வருது. ஒரு மீட்டர் அகலத் தட்டு செய்ற வேலை மேல்மாடிக்கா நமக்கான்னு அன்னிக்கே முடிவு. அவங்களுக்குப் போச்சுன்னா இந்த அறையை மூடிடுவாங்க. பதினேழாம் நம்பரை எடுத்து வை. அதுதான் பதினாறு."

லான்யிங் தட்டுகளின் பின்புறத்து எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் நியே நகக்கண் அளவு செல் ஒன்றை விளக்கின்கீழ் வைத்தார். இருபத்துமூன்று. குழுவினர் தலையாட்டினார்கள். அடுத்தது லான்யிங்கின் முறை. உள்ளங்கை அகலத் தட்டை வைத்தாள். பின்புறத்து எண்ணைப் பார்த்ததும் ஃபாங்கின் முகம் வெளுத்தது. அது ஒன்பது.

"பதினாலு புள்ளி ரெண்டு," என்று வாசித்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

குழுத்தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட இருக்கிறதுலயே நல்லது இதுதானா?"

"இல்லங்க மேடம். முப்பதுல இதுதான் படுமோசம். மிச்சம் இருபத்தொம்பதும் பெட்டியில இருக்கு. நீங்களே கையை விட்டு எடுங்க. எது இதைவிடக் கீழ போனாலும் நாளைக்கு நான் வேலைக்கு வரல."

"லான்யிங்!" என்றார் ஃபாங்.

தலைவி நான்கை எடுத்தார். பதினைந்து, பதினைந்தே கால், பதினான்கு முக்கால், பதினைந்தரை. சிரிப்பு நின்றிருந்தது.

"அவங்களோட மோசமானதையும் கேளுங்க மேடம்," என்றாள் லான்யிங்.

நியேவுக்குச் சுருக்கென்றது. "ஆராய்ச்சின்னா என்ன, பேசின் கம்பெனியா? ஓடாததை எல்லாம் யார் வச்சுக்கறா?"

"எத்தனை செஞ்சீங்க?" என்று கேட்டார் தலைவி.

"ஒரு... அறுபது இருக்கும்."

"மீட்டர் அகலத் தட்டுல அந்த அறுபதும் நல்லதும் கெட்டதுமா பக்கத்துல பக்கத்துல இருக்கும், டாக்டர்."

ஃபாங் இரண்டு நாள் அச்சு அறைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் கடிதம் வந்தது: வேலை அச்சு அறைக்கு, ஒரு மாதத்தில் குழு மறுபடி வந்து பார்க்கும். கடிதத்தை ஃபாங் அவள் மேசைமேல் வைத்து, "என்னைக் கொன்னுட்டே போ," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

முதல் பெரிய தட்டு கேவலமாக வந்தது. இடது மூலை ஐந்தைத் தாண்டவில்லை. லான்யிங் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டடத்தின் வாசல் கதவோரம் சாய்த்தாள். வாசலில் பாதியை அடைத்தது. மேல்மாடி ஆட்கள் உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் கடக்கவேண்டியிருந்தது.

ஃபாங் தலையில் கைவைத்தார். "நாளைக்குத் தலைவி வராங்க. உள்ள எடுத்து வை. யாராவது பார்த்தா?"

"பாக்கட்டும் சார்."

மிச்சக் கரி மையில் தூரிகையை நனைத்து, மோசமான மூலைக்கு நேரே தன் முழுப்பெயரையும் எழுதினாள். தள்ளி நின்று பார்த்தாள். எழுத்து சிறியதாகப் பட்டது. அதன்மேலேயே இன்னும் பெரிதாக எழுதினாள்.