தலையணையைத் தூக்கியவள்

என் முதல் குழந்தை பெண். மாசம் திரும்புவதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அறுபதுகளின் தொடக்கம். பம்பாயில், மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். காரியமெல்லாம் முடிந்ததும் மாமியார் தூளியை அவிழ்த்து மடித்துப் பரணில் போட்டார். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் கணவர் வழக்கம்போல லோக்கல் ரயிலைப் பிடித்து ஆபீசுக்குப் போனார்.

எனக்கு இடுப்பு நிமிரவில்லை. பிரசவம் பார்த்த டாக்டரம்மா, "குழந்தை இல்லேன்னாலும் பெத்த உடம்புதானே? வியாழக்கிழமை கிளாசுக்கு வா," என்றார்.

ஆஸ்பத்திரி மாடியில் நீளமான கூடம். புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் பாய் விரித்துப் படுத்து, காலை மடக்கி நீட்டி, வயிற்றை எக்கி உடற்பயிற்சி செய்வோம். சொல்லிக் கொடுத்தவர் ஒரு வயதான பார்சி நர்ஸ். பாதிப் பயிற்சி குழந்தையை வைத்துத்தான். மல்லாந்தபடி அதை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கி இறக்க வேண்டும். முதல் நாள் என் கை சும்மா இருந்ததைப் பார்த்த நர்ஸ், ஒன்றும் கேட்காமல் ஒரு தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு வேறென்ன செய்யத் தெரியும்? "தூக்கு, இறக்கு" என்று அவர் ஹிந்தியில் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் குழந்தைகளைத் தூக்கினார்கள். நான் தலையணையைத் தூக்கினேன்.

பிறகும் ஏன் போனேன் என்றால், வீட்டில் ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அங்கே குழந்தைகளின் வாசனையாவது இருந்தது.

எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடிப் பாலக்காட்டுப் பெண்ணும் அங்கே வருவாள். அவளுக்குப் பையன். ஒரு நாள் அவனைப் பாயில் விட்டுவிட்டு அவள் பாத்ரூம் போயிருந்தபோது அவன் வீறிட்டு அழுதான். பக்கத்துப் பாயில் இருந்த நான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அழுகை நின்றது. முகத்தை என் மார்பில் தேய்த்து வாயால் தேடினான். வற்றிவிட்டது என்று நினைத்திருந்த பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. நான் கொடுக்கவில்லை. அதற்குள் அவள் வந்துவிட்டாள். என் ரவிக்கையைப் பார்த்தாள். பிடுங்காத குறையாகப் பையனை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவனுக்கு அம்மை குத்தினார்கள். அம்மை குத்தினால் காய்ச்சல் வரும் என்பது பம்பாயில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் வந்தது.

அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளறையில் இருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது.

"தப்பா எடுத்துக்கப்படாது மாமி. கொழந்தைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்கறது. உங்காத்துப் பொண்ணு ஆசையாத்தான் தூக்கியிருப்பா. ஆனா பறிகொடுத்தவ கண்ணு பாருங்கோ."

"அதுக்கு இப்போ என்ன பண்ணணும்கறேள்?" என்றார் மாமியார்.

"அவ காலடி மண்ணு துளி கெடைச்சா, உப்பு மொளகாயோட சுத்திப் போட்டுடலாம்."

மாமியார் அவளை நாலு வார்த்தை கேட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன்.

"மூணாம் மாடியிலே மண்ணுக்கு எங்க போறது?" என்றார் அவர். பிறகு வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இனிமே அவளை அந்த கிளாசுக்கு அனுப்பலை, கவலைப்படாதேங்கோ."

செருப்பு காலில் பட்டாலே தலைக்கு ஊற்றிக்கொள்கிறவர் அவர். அன்றைக்குக் கையைக் கழுவினதோடு சரி.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "ஏன்னா, நான் அந்தக் கொழந்தையை என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை. அதுக்கு ஒடம்பு தேவலையானா சரி. இதுல உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

காய்ச்சல் தானே இறங்கியது. பெருமை என் செருப்புத் தூசிக்குப் போயிற்று. அந்த வாரத்திலிருந்து நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் அந்தப் பெண் பையனின் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள். நான் சுவரோடு ஒண்டி வழிவிடுவேன்.

அப்புறம் எனக்கும் ஒரு பையன் பிறந்தான். தாயும் மகளும் வெள்ளிக் கிண்ணத்தோடு பார்க்க வந்தார்கள். எதுவுமே நடக்காதது போல மாமியாரோடு கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள்.

"கொழந்தையைக் கொண்டு வாயேண்டி, பாக்கணும்," என்று அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"தூங்கறான்," என்றேன் உள்ளறையிலிருந்தே.

அவன் விழித்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். மாமியார் இரண்டு தடவை தட்டினார். நான் திறக்கவில்லை.