தலைக்கு மேல் ஒரு பொட்டு

சேனாதிபதி லாரிக் கதவை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் சிதறிக் கிடக்கும் கடை மேசையில், ஒரு முழத்துக்கும் குறைவான லாரி. உதட்டைக் குவித்து ஒரு சின்ன ஊது. கதவு அசையவில்லை. அதைக் கழற்றி, கீலாக வைத்திருந்த குண்டூசியை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி மாட்டி, மறுபடி ஊதினார். கதவு தானாகத் திறப்பதுபோல் மெல்லத் திறந்து நின்றது.

"ஊதுனா தொறக்கணும்ணே. கை வச்சுத் தொறந்தா அது கதவில்ல, டப்பா மூடி" என்றார் என்னிடம்.

கண்ணாடி மாற்ற வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதுவரை வாசலில் குளிரில் நின்றுகொண்டிருந்தார்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் சேனாதிபதிக்குக் கண்ணாடிக் கடை. பின்பக்கமே வீடு. பூர்வீகம் பழநி. அறுபது வயது, ஒல்லி உடம்பு, சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். நுணுக்க வேலை என்றால் மூக்கின் மேலும் அப்படித்தான், ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. இத்தனை லாரி கட்டுகிறவருக்கு வண்டி ஏறினால் வாந்தி. வத்தலக்குண்டு போய் இறங்கும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கமாட்டார். அதனால் மலையை விட்டு இறங்குவதே அபூர்வம்.

நிஜ லாரியைப் பற்றி என்னிடம்தான் கேட்பார். கேட்க வேண்டிய இடம் அதுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிளீனராகத் தார்ப்பாய் மேல் படுத்துக்கொண்டு இந்த மலைக்கு வந்தவன் நான். இன்றைக்கு ஆறு லாரி என் பேரில் ஓடுகிறது. கூக்கால் கிராமத்துப் பூண்டும் கேரட்டும் சந்தைக்குப் போய்ச் சேருகிறதென்றால் அதில் பாதி என் வண்டியில்தான். படித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் சேனாதிபதியின் லாரியைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றைக்கு நானே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது என் வழக்கம் இல்லை.

இருபத்துநாலு அடி லாரி அவரிடம் சரியாக ஒரு அடி. மற்ற எல்லா அளவும் அதே கணக்கில்தான் சுருங்கும். புதுச் சட்டங்களோடு காட்சிக்கு வருகிற பவர் இல்லாத பிளாஸ்டிக் வில்லைகள்தான் முன் கண்ணாடி. மூக்கில் உட்காருகிற ரப்பர்ப் பொட்டுகள் விளக்கு. தேய்ந்த செருப்பின் அடி சக்கரமாகும். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிப் பக்கப்பலகை அடிப்பார். கேபினுக்கு வெள்ளை பிளாஸ்டிக் தகடு. அதை வெட்டி ஒட்டிப் பட்டி பார்த்துத் தேய்த்தால் எங்கே ஒட்டினார் என்று நகத்தால் தடவினாலும் தெரியாது. "ஒட்டு தெரிஞ்சா அது என் வேலையில்லண்ணே" என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் என்னைப் போலக் கொஞ்சம் திமிர் உண்டு. யாருக்கும் விற்கமாட்டார். பிடித்தவர்களுக்குக் கொடுப்பார், அவ்வளவுதான்.

கட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. பெயிண்ட் அடிப்பது அவர் மனைவி சுந்தராம்பாள். அந்தம்மாவின் அப்பா பழநி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். மகளுக்கும் அந்தக் கை. நாலைந்து மயிர் மட்டும் விட்டு நறுக்கிய பிரஷ்ஷால், அரிசி அகலத்து இடத்தில் 'முருகன் துணை' எழுதும். மட்கார்டில் பூப் போடும். மலையில் மேகம் இறங்கிவிட்டால் பெயிண்ட் சுலபத்தில் காயாது. பளபளப்புப் போய் வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்காகச் சேனாதிபதி ஒரு பேரிக்காய்ப் பெட்டிக்குள் குண்டு பல்பு மாட்டி வைத்திருக்கிறார். அடித்த லாரி அதற்குள் போய் ஒரு ராத்திரி குளிர்காய்ந்துவிட்டு வரும். "எங்க ரெண்டு பேருக்குக்கூட ஹீட்டர் கெடையாது, லாரிக்கு மட்டும் வச்சிருக்காரு" என்று அந்தம்மா சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன வருச ஐப்பசி மழையில் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன இடத்தில் அந்தம்மா விழுந்தது. வாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பியது. கை திரும்பவில்லை. கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய மூடல்தான். கேட்பது புரிகிறது, பதில்தான் வரமாட்டேன் என்கிறது.

சேனாதிபதி கட்டுவதை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகக் கட்டினார். கட்டியதையெல்லாம் அலமாரியில் அப்படியே நிறுத்தினார். மேல் தட்டில் பழைய லாரிகள், சிவப்பும் நீலமும் பச்சையுமாக. கீழ்த் தட்டில் புதியவை, மொத்தமும் வெள்ளை. வேறு யாரையும் பெயிண்ட் தொடவிடவில்லை.

"அவ கை வந்ததும் அடிப்பா. வரிசையா நிக்கிறதப் பாத்தா வெரசா வந்துரும்" என்றார்.

வருகிற தை மாதம் வத்தலக்குண்டில் நான் புது ஆபீஸ் திறக்கிறேன். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் என் முதல் லாரி நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சிவப்பு முகம், மஞ்சள் உடம்பு. போட்டோ கொடுத்தேன். என் லாரி என்றதும் மறுக்காமல் கட்டினார். கட்டி முடித்து, வெள்ளையாகவே வைத்துவிட்டார்.

"கீழ நல்ல ஸ்பிரே பெயிண்டர் இருக்கான்யா. ஒரே நாள்ல அடிச்சுத் தந்துருவான்" என்றேன்.

"வேணாம்ணே."

"ஏன்? அவன் அடிச்சா லாரி ஓடாதா?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார்.

பழைய வேலையைக் காட்டிக் காட்டித் தைரியம் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேல் தட்டு லாரிகளை எடுத்துக் காட்டினால் அந்தம்மா ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, பார்த்துப் பழகியவை. சேனாதிபதிக்கு ஒரு யோசனை தோன்றியது. புது லாரி ஒன்றை எடுத்து, அந்தம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து, அதே நீலம், அதே பூ என்று தானே அடித்தார். பல நாள் வேலை. மட்கார்டுப் பூவை மட்டும் அழித்து அழித்துப் போட்டாராம். காய்ந்ததும் மடியில் வைத்து, "இந்தா சுந்தரம், போன வருசம் நீ அடிச்சது. பெட்டிக்குப் பின்னால கெடந்துச்சு. எப்பிடி அடிச்சிருக்க பாரு" என்றிருக்கிறார்.

அந்தம்மா வெகுநேரம் பார்த்தது. பிறகு இடது கை விரலைக் கதவு ஜன்னல் வழியாக உள்ளே விட்டது. கேபின் கூரையைத் தடவியது. விரலை வெளியே எடுத்துப் பார்த்தது. லாரியைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்றைக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலண்ணே. என்னத்தத் தேடுனான்னு நானும் வெரல விட்டுப் பாத்தேன். ஒண்ணுமில்ல. மேல் தட்டுல ஒரு பழைய லாரிய எடுத்து விட்டுப் பாத்தேன். கூரையில கடுகு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. டார்ச் அடிச்சா, மஞ்சப் பொட்டு. டிரைவர் தலைக்கு நேரா. அடுத்தத எடுத்தேன், அதுலயும் இருக்கு. எல்லாத்துலயும் இருக்குண்ணே. இத்தன வருசமா கேபின் கட்டுறவன் நானு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியல."

எனக்குத் தெரிந்தது. எனக்குத் தொழில் பழக்கிய டிரைவர், புது வண்டியை மலைக்கு எடுக்குமுன் கேபின் கூரையில் மஞ்சள் பொட்டு வைக்காமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். பழநி அடிவாரத்தில் பூஜை போட்ட கையோடு, அங்கே நிற்கிற ஏதாவது ஒரு பெண்பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டு வைக்கச் சொல்வார். என் முதல் லாரிக்கும் அப்படித்தான் வைத்தது. பள்ளத்தைப் பார்த்து வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது தலைக்கு மேல் ஒன்று இருக்கிறது என்று நெஞ்சு சொல்லும். அதற்குத்தான்.

இதைச் சொன்னேன். சேனாதிபதி இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவங்கப்பா போர்டு எழுதுற எடத்துல சின்னப் புள்ளையா அவளும் நின்னிருப்பா" என்றார். "எங்கிட்டச் சொன்னதே இல்ல. நானும் கேக்கல."

கார்த்திகை முடிவில் ஒரு நாள் வெள்ளனே போனேன். மேகம் விலகி, பின்கட்டில் வெயில் விழுந்திருந்தது. அந்தம்மாவை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கூடமாட ஒத்தாசைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் என் லாரி, வெள்ளையாக. ஒரு டப்பா மூடியில் கொஞ்சம் மஞ்சள் பெயிண்ட்.

"பொட்ட மட்டும் அவ வைக்கட்டும்ணே. செவப்பு நானே அடிச்சுத் தாறேன். கோணலா இருந்தாக் கேக்கப்படாது" என்றார்.

பிரஷ்ஷை மனைவியின் இடது கையில் கொடுத்தார். அது பிடிக்கவில்லை. மறுபடி கொடுத்தார். விரலை விரித்துக் கீழே விட்டது.

பிச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பொட்டு வைக்கிற சோலிய எடக்கையில செய்யச் சொல்றீங்களே. எந்தப் பொம்பள வைப்பா? கட்டிக்கிட்டு இத்தன வருசத்துல இதக்கூடக் கத்துக்கல."

சேனாதிபதி மண்டியிட்டு உட்கார்ந்து மனைவியின் வலது கையை எடுத்தார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆள்காட்டி விரல் பாதி நிமிர்ந்தது. ஜன்னலுக்கு நேரே கொண்டுபோனார். விரல் வளைந்து ஜன்னல் விளிம்பில் முட்டி நின்றது. திருப்பிப் பிடித்தார். கீழிருந்து பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்தும் அந்த விரல் உள்ளே போவதாக இல்லை. அந்தம்மா தலையைத் திருப்பத் தொடங்கியது, சுவர் பக்கம்.

அவர் எழுந்து கடைக்குள் போய் ரம்பத் தகட்டை எடுத்து வந்தார். லாரியை மடியில் வைத்து, கூரைக்குக் கீழே, தானே நகத்துக்குக்கூடத் தட்டுப்படாமல் தேய்த்து மறைத்த ஒட்டின் மேலேயே வைத்து அறுக்கத் தொடங்கினார்.

"யோவ், என் லாரி" என்றேன்.

"ஆமாண்ணே. ஒங்க லாரிதான்" என்றார். கை நிற்கவில்லை.

வெள்ளைத் தூள் அவர் வேட்டியில் உதிர்ந்தது. சத்தம் கேட்டு அந்தம்மா திரும்பியது. கூரை தனியாகக் கழன்று வந்தது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தட்டு. ஓரம் பிசிறு பிசிறாக. அதை மல்லாத்தி இடது கையில் ஏந்தி, வலது கையால் மனைவியின் விரலை எடுத்து மஞ்சளில் தோய்த்து, கூரைக்கு மேலே கொண்டுவந்து, விட்டுவிட்டார். அமுக்கவில்லை. காத்திருந்தார்.

அந்தக் கை அந்தரத்தில் நடுங்கியது. பிச்சையம்மாள் சீப்பைப் பிடித்தபடி நின்றது. வளைவில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கிறதுபோல் எல்லாரும் நின்றோம். பிறகு விரல் இறங்கியது. பொட்டாக விழவில்லை, நடுவில் பட்டு, ஓரம்வரை இழுபட்டு நின்றது. நின்ற இடத்திலிருந்து அந்தம்மா விரலை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லையோ, எடுக்க மனமில்லையோ.

பல்புப் பெட்டி பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. சேனாதிபதி அதன் பக்கம் திரும்பவில்லை. ஏந்திய கை அசையாமல் குனிந்து, உதட்டைக் குவித்து, அந்த விரலைச் சுற்றியிருந்த மஞ்சளை மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.