மூன்றாவது உருளைக்கிழங்குத் துண்டு

ஓட்டுப் போடுவதற்காக ஆம்பூருக்குப் போயிருந்தேன். வேலூருக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் வாக்காளர் அட்டையை மாற்றாமல் வைத்திருக்கிறேன். சோம்பேறித்தனம்தான். கேட்பவர்களிடம் அம்மாவைப் பார்க்க அது ஒரு சாக்கு என்று சொல்லிக்கொள்வேன். காலையில் போய் இறங்கியதும் மகள் சிப்ஸ் வேண்டும் என்றாள். உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, கறுத்துப் போகாமலிருக்க, வேலூர் வீட்டுப் பழக்கத்தில் குழாயைத் திறந்து ஒரு குண்டான் தண்ணீரில் போட்டுவிட்டு அம்மாவோடு பேசப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு துண்டும் ரப்பர் மாதிரி வளைகிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இந்தத் தண்ணியிலயா போட்ட? கேன் தண்ணி தான் இருக்குதே. ஊர விட்டுப் போனதும் எல்லாம் மறந்துடுச்சா உனக்கு?"

ஆஸ்பத்திரி லேபில் ரத்தமும் சிறுநீரும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என்னைப் பார்த்து அம்மா கேட்கிற கேள்வி இது. கேட்க வேண்டியதுதான். ஆனால் மறக்கவில்லை. அந்த வளைந்த துண்டைக் கையில் பிடித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நறுக்கிய பச்சை உருளைக்கிழங்குக்கு மண்ணும் மாவும் கலந்த ஒரு வாசனை உண்டு. அதை முகர்ந்தால் எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்து உயிரியல் லேப்தான் ஞாபகம் வரும். நீளமான ஓர் அறை. ஜன்னலோரம் ஜாடிகளில் பார்மலினில் ஊறிக்கொண்டிருக்கும் ஒரு பாம்பு, ஒரு தேள், என்னவென்று லேபிள் அழிந்துபோன ஏதோ ஒன்று. அதை மீன் என்பார்கள் சிலர், ஓணான் என்பார்கள் சிலர். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒருவர் லேபுக்குள் நுழைந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பார்மலின் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் ஜாடிகளை மூடிக்கொண்டிருந்தோம். அவர் பொத்திக்கொண்டது வெளியே தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்த வாசனைக்கு. அப்படி ஒரு வாசனை இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

அந்த லேபைக் கட்டிக்கொடுத்தவர் எங்கள் தாளாளர். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் இருந்த டேனரியும் அவருடையதுதான். வாசலில் அவர் பெயர் வெட்டிய சலவைக்கல் எங்கள் கரும்பலகையை விடப் பெரியது. உள்ளே மைக்ரோஸ்கோப் இரண்டு, அதில் ஒன்று பார்வைக்கு மட்டும். வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கச் சொன்னபோது நான் காற்றுக் குமிழியைச் செல் என்று நினைத்து, நிழலெல்லாம் போட்டு அழகாக வரைந்துவிட்டேன். "எங்க பாத்த இப்படி ஒரு உருண்டைய?" என்று விமலா டீச்சர் கேட்டதற்கு, "உள்ள தான் டீச்சர் இருந்துச்சு, நகந்துகூட போச்சு" என்றேன். அன்றிலிருந்து பாதி வகுப்புக்கு என் பெயர் குமிழி.

மெஹருன்னிஸா மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டாள். பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளுடைய அப்பா அந்த டேனரியில்தான் தோல் சுழலும் டிரம் பக்கம் வேலை செய்தார். மெஹருவுக்கு ஒரே ஆசை. பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப் எடுக்க வேண்டும், அப்புறம் வேலூரில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு அப்படி எந்த ஆசையும் கிடையாது. அவள் எந்த குரூப்போ அதில் சேர்ந்தால் பக்கத்திலேயே உட்காரலாம் என்பதுதான் என் திட்டம்.

எச்சிலை வைத்துச் செய்கிற சோதனை ஒன்று உண்டு, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கஞ்சித் தண்ணீரில் அயோடின் சொட்டு விட்டால் நீலமாகும், அதில் எச்சிலைச் சேர்த்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் நீலம் போய்விடும். எங்களுக்கு அது ரம்ஜான் மாதத்தில் வந்து விழுந்தது. வகுப்பில் பாதிப் பேர் நோன்பு. துப்பலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதம். "முழுங்கத்தான் கூடாதுடி, துப்பினா இன்னா?" என்று மெஹரு தீர்ப்புச் சொன்னாள். ஆனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத வாயில் எச்சில் எங்கிருந்து வரும்? நாங்கள்தான் இட்லி தின்றுவிட்டு வந்த தைரியத்தில் ஆளுக்கு இரண்டு டியூப் துப்பிக் கொடுத்தோம். அவளுடைய டியூபில் நீலம் மறைந்ததும் அவள் என்னைப் பார்த்து, "உன் எச்சிலுக்கு பவரு ஜாஸ்திடி" என்றாள். என் வாழ்க்கையில் அறிவியலுக்காக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

நோன்பு முடிந்த அடுத்த வாரம் உருளைக்கிழங்கு. உலகத்திலேயே எளிதான சோதனை. கிழங்கிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டு நறுக்கி, ஒன்றைச் சாதாரணத் தண்ணீரிலும் ஒன்றை உப்புத் தண்ணீரிலும் போட வேண்டும். சாதாரணத் தண்ணீரில் இருப்பது தண்ணீரை உறிஞ்சி விறைத்து நிற்கும். உப்புத் தண்ணீரில் இருப்பது உள்ளே இருந்த தண்ணீரையும் இழந்து துவண்டுபோகும். புத்தகத்தில் படம்கூடப் போட்டிருந்தது. எங்கள் லேபில் இரண்டு துண்டும் துவண்டன.

"உப்ப ரெண்டுலயும் போட்டுருப்பீங்க. மறுபடி பண்ணுங்க" என்றார் விமலா டீச்சர்.

மறுபடி செய்தோம். எல்லா மேஜையிலும் எல்லாத் துண்டும் துவண்டன. டீச்சர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி சரி, புக்ல இருக்கறத எழுதுங்க" என்றார். நாங்கள் சந்தோஷமாக எழுதினோம். 'முதல் துண்டு விறைப்பாக இருந்தது' என்று, துவண்ட துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினோம்.

மெஹரு எழுதவில்லை. மறுநாள் மதியம் தன் வாட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து அந்தத் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டாள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கேன் தண்ணீர்தான் பாட்டிலில் கொண்டுபோகும். தோலுக்குப் போடும் உப்பு டேனரிக் கழிவோடு நிலத்தில் இறங்கி இறங்கி, குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாது. சோப்பு நுரைக்காது, குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கும், வாய் கொப்பளித்தால்கூட உப்புக் கரிக்கும். பாட்டில் தண்ணீரில் போட்ட துண்டு கம்பி மாதிரி விறைத்து நின்றது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், தப்பு நம்ம மேல இல்ல. நம்ம டேப் தண்ணியே உப்புத் தண்ணி டீச்சர்."

டீச்சர் அந்தத் துண்டைப் பார்க்கவில்லை. "எக்ஸாம் அன்னிக்கு கேன் தண்ணி வெப்பாங்க. எல்லாம் கரெக்டா வரும். போய் உக்காரு."

அப்படி ஒரு வழக்கம் இருந்தது. வருடம் முழுவதும் குழாய், செய்முறைத் தேர்வு அன்று மட்டும் ஒவ்வொரு மேஜைக்கும் கேன் தண்ணீர். பாவம், டீச்சருக்கு மெஹரு சொன்னது புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இதை நீங்கள் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.

தேர்வன்று மெஹருவுக்கும் எனக்கும் அதே உருளைக்கிழங்கு வந்தது. நான் கேன் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு பீக்கர் வைத்தேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி வந்தது. பக்கத்து மேஜையில் மெஹரு மூன்று பீக்கர் வைத்திருந்தாள். மூன்றாவதில் குழாய்த் தண்ணீர். அதைத் தாளிலும் எழுதியிருந்தாள். கேன் தண்ணீரில் விறைப்பு, உப்புத் தண்ணீரில் துவளல், லேப் குழாய்த் தண்ணீரில் துவளல், ஆகவே லேப் குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அவ்வளவுதான். டேனரி என்ற வார்த்தைகூட அதில் கிடையாது.

வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா அவள் மேஜைப் பக்கம் போனபோது நான் பீக்கர் கழுவத் தொட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவரும் விமலா டீச்சரும் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு தலைமையாசிரியையான பெரிய டீச்சர் வந்தார். பிறகு தாளாளர் வீட்டுக் கார் வந்தது, எங்கள் ஊர் வழக்கப்படி தேர்வாளருக்கு பிரியாணியும் கத்தரிக்காயும் வந்து இறங்கின. சாப்பாடு முடிந்து வந்த தேர்வாளர் மெஹருவின் தாளில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். 'செய்முறை தவறு' என்று எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தேர்ச்சி பெறுகிற அளவுக்கு மட்டும் மார்க் போட்டிருந்தார்கள். அது பயாலஜி குரூப்புக்குப் போதவில்லை. போதுமான மார்க் இருந்திருந்தாலும் சீட் கொடுத்திருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அவள் அப்பா வேலையிலிருந்து நேரே வந்து பெரிய டீச்சர் அறை வாசலில் நின்றார். சுண்ணாம்பு பட்டு வெடித்த கையைக் கூப்பிக்கொண்டு, "புள்ள தெரியாம செஞ்சிடுச்சுமா, ஒரு சீட் குடுங்க" என்றார்.

"தெரிஞ்சு தான்பா செஞ்சேன்" என்றாள் மெஹரு.

அதோடு முடிந்தது. பெரிய டீச்சர் மேஜை மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு அந்த டேனரியில் வேலை இருக்க வேண்டும், அதனால் வேறு பள்ளிக்கூடம், மேலிடத்தில் புகார் என்று எந்தப் பேச்சும் அந்த வீட்டில் எழவில்லை. ஜூன் மாதம் நான் பயாலஜி குரூப்பில் தனியாக உட்கார்ந்தேன். மெஹரு ஷூ கம்பெனி வேனில் ஏறினாள். அவள் ஆசைப்பட்ட வெள்ளைக் கோட்டை இன்று போட்டுக்கொண்டிருப்பது நான். அதைத் தினமும் மாட்டும்போது எனக்குப் பெருமையாக இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண் கண்ணால் கண்டதை எழுதினாள். அதற்காகத்தானே லேப் கட்டினார்கள், அதற்காகத்தானே கல்லில் பெயரை வெட்டினார்கள்? எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்த டேனரிதான், எனக்கும் தெரியும். ஒரு உருளைக்கிழங்குத் துண்டு அதை மூடிவிடப் போவதில்லை என்பது தாளாளருக்குத் தெரியாதா?

சரி, ஓட்டுக்கு வருகிறேன். என் வாக்குச்சாவடி அந்தப் பள்ளிக்கூடம்தான். அறையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே லேப். ஜாடிகள் இல்லை, மைக்ரோஸ்கோப் இரண்டும் இல்லை. சுவரில் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள், சோதனைகளையெல்லாம் இப்போது அதில் வீடியோவாகப் போட்டுக் காட்டுகிறார்களாம். தொட்டி மேல் பலகை அடித்து, அதன் மேல்தான் என் விரலுக்கு மை வைத்தார்கள். குழாய் இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தது.

வெளியே வந்தால் பெண்கள் வரிசையில் மெஹரு. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், சிரிப்பு மட்டும் அப்படியே. அவள் ஓட்டுப் போட்டு வரும்வரை காத்திருந்தேன். வேப்பமரத்தடியில் நின்று, காலையில் துவண்டுபோன சிப்ஸிலிருந்து ஆரம்பித்து மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். கடைசியில் என் வழக்கமான சமாதானத்தையும் சொன்னேன். "அந்த டீச்சருங்களுக்கு வெவரம் பத்தலடி. புக்ல இல்லாததப் பாத்ததும் தப்புன்னு நெனச்சிட்டாங்க."

மெஹரு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

"பின்ன?"

"நீ அப்ப பீக்கர் கழுவப் போய்ட்ட. அந்த எக்ஸாமினர் மூணாவது பீஸ கையில எடுத்து வளைச்சுப் பாத்தாங்க. அந்தத் தண்ணிய வெரல்ல தொட்டு நாக்குல வெச்சாங்க. 'சரியா தான்மா செஞ்சிருக்க'ன்னு எங்கிட்டயே சொன்னாங்க. விமலா டீச்சர் பக்கத்துலயே தான் நின்னுனு இருந்தாங்க. 'எங்களுக்கும் தெரியும் மேடம், இன்னா பண்றது'ன்னாங்க."

"இத்தன வருஷமா ஏன்டி சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அரை நாள்தான் லீவாம். போய்ட்டு வர்றேன் என்று என் தோளைத் தட்டிவிட்டு ஓடினாள்.

எனக்கு அங்கிருந்து நகரத் தோன்றவில்லை. அந்த ஊரில் என் கண்ணெதிரே எத்தனையோ போயிருக்கிறது. ஆற்று மணல் போனது, தென்னந்தோப்புகள் போயின, கிணறுகள் போயின. இந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்காக மட்டும் நான் ஒன்றைப் போகவிடாமல் வைத்திருந்தேன். பாவம், அவர்களுக்குத் தெரியாது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேனே, அது. இப்போது அதுவும் போய்விட்டது.